டிக் டிக்கா, டக் டக்கா?

ஹைதராபாத் பெத்தம்மா கோயில் வாசலில் காலை வேளைகளில் புதுக் கார்களைப் பார்க்கலாம். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கப்படாத கார்கள். பானெட்டின் மேல் குங்குமத்தில் ஸ்வஸ்திக், முகப்பில் சாமந்தி மாலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூஜை முடிந்ததும் கார் பழத்தை நசுக்கிக்கொண்டு நகர, குடும்பம் கைதட்டுகிறது. கோயில் பெயரில் உள்ள மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ஹைடெக் சிட்டி திசையில் போனால் அடுத்த ஸ்டேஷன் மாதாப்பூர். எலுமிச்சம்பழம் நசுங்கிப் பல வருடங்களாகிவிட்ட கார்களைப் பார்க்க அங்கே இறங்க வேண்டும்.

இந்த ஊரில் காரின் வயதைச் சொல்ல ஆர்.சி. புத்தகம் தேவையில்லை. நம்பர் பலகையே போதும். ஏ.பி. என்று தொடங்கும் உள்ளூர் வண்டி 2014 ஜூனில் தெலங்கானா பிறப்பதற்கு முன்பு பதிவானது. டி.எஸ். என்றால் அதற்கும் 2024 மார்ச்சுக்கும் இடைப்பட்டது. டி.ஜி. என்றால் அதற்குப் பிறகு வந்தது. ஒரு மாநிலத்தின் அரசியல் வரலாறு போக்குவரத்து நெரிசலில் இப்படி முன்னும் பின்னுமாக நின்றுகொண்டிருக்கிறது. கம்பெனிகள் தரும் வாரண்டி பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வருடம்தான். கூடுதல் பணம் கட்டி நீட்டித்தாலும் பிறகு சில வருடங்களில் அதுவும் முடிந்துவிடும். ஆக, ஏ.பி. வண்டிகள் அத்தனையும், டி.எஸ். வண்டிகளில் மூத்தவை எல்லாமும் கம்பெனியின் பொறுப்பிலிருந்து கழன்றுகொண்டவை. அவற்றின் என்ஜினில் ஒரு புதுச் சத்தம் கேட்டால் அது சொந்தக்காரரின் சொந்தப் பிரச்சினை.

மாதாப்பூர் ஒரு காலத்தில் சத்தமே இல்லாத இடம் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். பாறைகளும் புதர்களும் ஒரு கிராமமும். பக்கத்தில் கோல்கொண்டா கோட்டைக்குக் குடிநீர் தந்ததாகச் சொல்லப்படும் துர்கம் செருவு ஏரி. 1998 நவம்பர் 22 அன்று பிரதமர் வாஜ்பாய் சைபர் டவர்ஸ் கட்டடத்தைத் திறந்துவைத்தார். சந்திரபாபு நாயுடு முதல்வராக இருந்த காலம். அதன்பின் பாறைகளுக்கு வெடி வைத்தார்கள், கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன, சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். 2019இல் மெட்ரோ ரயில் வந்தது. 2020 செப்டம்பரில் ஏரியின் மேல் கம்பிவடப் பாலம் திறக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் மாலை ஆறு மணிக்கு சைபர் டவர்ஸ் சந்திப்பிலிருந்து ஜூபிலி ஹில்ஸ் செக்போஸ்ட் வரை போகிற கார், பக்கத்து நடைபாதையில் போகிறவரோடு போட்டி போட முடியாது.

இந்த நெரிசலுக்கும் என்ஜின் சத்தத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கிலோமீட்டர் மீட்டர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கி.மீ. சராசரியில் 60,000 கி.மீ. ஓடிய என்ஜின் ஆயிரம் மணி நேரம் உழைத்திருக்கிறது. அதே தூரத்தை மாதாப்பூரில் 15 கி.மீ. சராசரியில் கடந்த என்ஜின் உழைத்தது நாலாயிரம் மணி நேரம். வண்டி நின்றாலும் என்ஜின் சுற்றுகிறது, ஆயில் கறுக்கிறது. ஆனால் சர்வீஸ் புத்தகம் முதன்மையாகக் கிலோமீட்டரையும் மாதத்தையும்தான் கணக்கிடுகிறது. போதாக்குறைக்கு 2020இலும் 2021இலும் இந்த வட்டாரத்துக் கார்கள் மாதக்கணக்கில் செல்லாரில் தூங்கின. (அடுக்ககத்தின் கீழ்த்தளத்தை ஹைதராபாத்தில் செல்லார் என்பார்கள். சென்னைக்காரர்களுக்கு பேஸ்மென்ட்.) எலி கடித்த ஒயர்கள் ஒருபுறம் இருக்க, ஆயில் முழுக்கக் கீழே வடிந்துவிட்ட என்ஜின்கள் முதல்முறை கிளப்பப்பட்டபோது போட்ட சத்தம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

என் கார் பத்து வயதான டி.எஸ். வண்டி, பெட்ரோல். ஒரு டிசம்பர் காலையில் அது செல்லாரில் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது. சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் சிறுவர்கள் அட்டையைச் செருகி ஓட்டுவார்களே, கிட்டத்தட்ட அது. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். வரவேற்பில் இருந்தவர் கம்ப்யூட்டரில் ‘என்ஜின் நாய்ஸ்’ என்று தட்டினார். ஸ்கேனர் செருகிப் பார்த்தார்கள். கோளாறு எதுவும் பதிவாகவில்லை. ஆகியும் மாலையில் மதிப்பீடு வந்தது: டேப்பட்கள் தேய்ந்திருக்கலாம், சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும், 46,000 ரூபாய். ‘இருக்கலாம்’ என்ற சொல்லுக்கு 46,000 ரூபாய் விலை என்பது எனக்குப் புதிய செய்தி. மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பக்கத்துக்கே அவ்வளவு தருவதில்லை.

ஸ்கேனரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது சென்சார்கள் சொல்வதைப் படிக்கிற கருவி. இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி கூடிவிட்டதை அதனிடம் சொல்ல அங்கே சென்சார் கிடையாது. காதுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காதுகள் மாதாப்பூரின் பெரிய சாலைகளில் இல்லை. ஹாஸ்டல்கள், டிபன் சென்டர்கள், கோச்சிங் நிலையங்கள் நெருக்கியடிக்கும் உட்சந்துகளில் இருக்கின்றன. ஒரு தகரக் கூரை, ஒரு வேப்பமரம், ஆயிலில் ஊறிக் கறுத்த மண், நான்கைந்து வண்டிகள். நான் போன கொட்டகையின் உஸ்தாத் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். பழைய நகரத்திலிருந்து தினமும் வருகிறார். அம்பாஸடரிலும் பத்மினியிலும் கை பழகியவர். பையன்கள் அவரை ‘உஸ்தாத்’ என்கிறார்கள், வாடிக்கையாளர்கள் ‘பாய்’ என்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் பானெட்டைத் திறக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

“ஆவாஸ் கைசா ஹை சாப்? டிக் டிக்கா, டக் டக்கா?”

தமிழ் இலக்கணத்தில் இரட்டைக்கிளவி என்று ஒன்று உண்டு. சலசல, கடகட, படபட. பிரித்தால் பொருள் தராத இரட்டைகள். எம்.ஏ. வகுப்பில் அதைப் பரீட்சைக்காகப் படித்தோம். இந்தக் கொட்டகையில் அது தொழில்நுட்ப மொழி. தக்கனி உருதுவிலும் தெலுங்கிலும் தமிழிலும் இந்த ஒலிகள் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், மூன்று மொழிக்காரர்களும் ஒருவருக்கொருவர் அகராதியில்லாமல் பேசிக்கொள்கிறார்கள். மெல்லிய, உலோகத் தன்மையுள்ள டிக் டிக் என்றால் என்ஜினின் மேல்பகுதி: வால்வு, டேப்பட், இன்ஜெக்டர். கனமான, அடிவயிற்றிலிருந்து வருகிற டக் டக் என்றால் கீழ்ப்பகுதி: கனெக்டிங் ராடு, பேரிங், கிராங்க் ஷாஃப்ட். சரசர என்றால் டைமிங் செயின். மேட்டில் ஏறும்போது மட்டும் கிணிகிணி என்றால் எரிபொருள் தப்பான நேரத்தில் எரிகிறது. சர்வீஸ் நிலையத்துக் கம்ப்யூட்டர் இவை அத்தனையையும் ‘நாய்ஸ்’ என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டது. மோசமான மொழிபெயர்ப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

டிக் டிக் என்றேன். குளிரிலா, சூட்டிலா என்றார். காலையில் மட்டும், நாலைந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றேன். “அப்படியானால் வண்டியை இங்கே கொண்டுவந்து பிரயோஜனமில்லை. வந்து சேர்வதற்குள் சூடாகிவிடும். நாளைக் காலை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள். நான் வருகிறேன்” என்றார். சர்வீஸ் நிலையத்தில் நான் ஓட்டிக்கொண்டுபோன சூடான என்ஜினை ஒருவர் மதியம் இரண்டு மணிக்குக் கேட்டுவிட்டு மதிப்பீடு எழுதியிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

காலை ஐந்தரைக்கு வந்தார். மாதாப்பூரில் இந்த வேலைக்கு ஏற்ற நேரம் அது ஒன்றுதான். இரவு ஷிப்ட்காரர்களைக் கொண்டுவந்து விட்ட வாடகை வண்டிகள் ஓய்ந்திருக்கும். கட்டுமான லாரிகள் போயிருக்கும். பகல் ஷிப்ட் இன்னும் எழுந்திருக்காது. சுமார் ஒரு மணி நேரம் இந்தப் பேட்டை, பாறைகளும் புதர்களுமாக இருந்த நாட்களின் அமைதிக்குத் திரும்புகிறது. ஏரிப் பக்கமிருந்து பறவைச் சத்தம்கூடக் கேட்கிறது. இருபது வருடமாக இங்கே வேலை செய்பவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்களோ.

உஸ்தாத் முதலில் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பார்த்தார். இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தார், முகர்ந்தார். ஆயில் குறைந்தாலே டேப்பட் சத்தம் போடும், பாதிப் பேருக்கு வைத்தியம் அதோடு முடிந்துவிடும் என்றார். அதில் விஷயம் இருக்கிறது. வால்வைத் திறந்து மூடும் பாகங்களுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு, மூன்று பங்குதான். பழைய என்ஜின்களில் இதை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளை நுழைத்துப் பார்த்து ஸ்பேனரால் சரிசெய்வார்கள். ‘டேப்பட் அட்ஜஸ்ட்’ என்பது அம்பாஸடர் வைத்திருந்த வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சொல். பிறகு வந்த என்ஜின்கள் பலவற்றில் ஹைட்ராலிக் டேப்பட் வந்தது. அதற்குள் ஆயில் நிரம்பி, அழுத்தத்தால் தானே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். வசதிதான். ஆனால் ஆயில் குறைந்தால், கெட்டால், கம்பெனி சொன்ன தரத்துக்குப் பதில் கெட்டியான வேறொன்று ஊற்றப்பட்டால், அந்தச் சின்ன அறை நிரம்பத் தாமதமாகும். அதுவரை டிக் டிக். மலிவான ஆயில் ஃபில்டரும் இதைச் செய்யும். பல ஃபில்டர்களுக்குள் ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். போலியில் அது பெயருக்குத்தான் இருக்கும். இரவெல்லாம் ஆயில் கீழே இறங்கிவிட, காலையில் முதல் சில விநாடிகள் என்ஜின் வறண்ட தொண்டையோடு இருமும். செகந்திராபாத் ராணிகஞ்சில் உதிரி பாகம் வாங்கும்போது உஸ்தாத் ஃபில்டரைத் தலைகீழாகப் பிடித்து, துளைகளுக்குள் விரலை விட்டு இந்த ரப்பரைத்தான் அழுத்திப் பார்க்கிறார்.

என் வண்டியில் ஆயில் சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொன்னார். டிக் டிக். ஓர் அடி நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு மூடியின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர்களின் ஸ்டெதாஸ்கோப்பேதான், விலை ரூ.150. முனையை நகர்த்திக்கொண்டே போனார். இன்ஜெக்டர் மேல் வைத்து என்னையும் கேட்கச் சொன்னார். அங்கேயும் ஒரு டிக் டிக். பயந்துவிட்டேன். “அது வேலை செய்கிற சத்தம் சாப். அது நின்றால்தான் பயப்பட வேண்டும்.” பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஊசி ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஒரு சொடுக்கு. பெட்ரோல் ஆவியை என்ஜினுக்குள் விடும் சிறிய சோலினாய்டு வால்வும் சொடுக்கும். இந்த இரண்டு ஆரோக்கியமான சத்தங்களுக்காக ஹெட்டைக் கழற்றிய வண்டிகளைத் தனக்குத் தெரியும் என்கிறார்.

கடைசியில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கம் நின்றார். டார்ச் அடித்தார். ஹெட்டோடு அது சேருமிடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. கேஸ்கட் எரிந்து, ஒரு ஸ்டட் முறிந்து, அந்த இடுக்கின் வழியே புகை டிக் டிக்கென்று கசிந்துகொண்டிருந்தது. சூடேறினால் இரும்பு விரிந்து இடுக்கு மூடிக்கொள்ளும், சத்தம் நிற்கும். இது ஏன் டேப்பட் மாதிரியே கேட்கிறது? என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 400 முறைதான் திறக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் புகை தள்ளுவதும் அதே 400 முறை. தாளம் ஒன்றுதான், வாத்தியம் வேறு. கேஸ்கட், ஸ்டட், முறிந்ததைத் துளைத்து எடுத்த கூலி எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய் ஆயிற்று. அதோடு சத்தம் நின்றது.

சந்துக் கொட்டகைகள் எல்லாம் சத்தியத்தின் இருப்பிடம் என்று நான் சொல்ல வரவில்லை. கெட்டி ஆயிலை ஊற்றிச் சத்தத்தை ஒரு மாதத்துக்கு அமுக்கித் தருகிற ஆட்களும் இதே சந்துகளில் உண்டு. பழைய கார் விற்பவர்களிடையே அதற்கு நல்ல மதிப்பு. சமீபகாலமாக எல்லாச் சத்தத்துக்கும் ‘எத்தனால் பெட்ரோல் சார்’ என்று சொல்லித் தப்பிப்பதும் ஒரு வழக்கமாகியிருக்கிறது. 20 சதவீத எத்தனாலுக்காகத் தயாரிக்கப்படாத பழைய வண்டிகளில் மைலேஜ் குறையலாம், ரப்பர் பாகங்கள் பாதிக்கப்படலாம். என் கேஸ்கட்டை எரித்தது அதுவல்ல. கேள்வி, சந்தா கம்பெனியா என்பதல்ல. கழற்றுவதற்கு முன் கேட்கிறார்களா என்பது.

ஆனால் சந்துக்காரர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்த நடந்த முயற்சியும் சிறியதல்ல. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் அசல் உதிரி பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடுவதில்லை என்பது குற்றச்சாட்டு. மூன்று கம்பெனிகள் மீது தொடங்கிய விசாரணை விரிந்துகொண்டே போயிற்று. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்ற நிபந்தனையையும் கண்டித்தது. கம்பெனிகள் மேல்முறையீடு, வழக்கு என்று போயின. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்து, அந்த வருட இறுதியில் ஓர் இணையவாசலும் திறந்தது. உஸ்தாத்திடம் இதையெல்லாம் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவரிடம் இருக்கும் ஸ்கேனர் சீனாவிலிருந்து வந்தது. சில கம்பெனிகளின் வண்டிகளில் அது பாதிதான் படிக்கும். மீதிக்கு ஸ்க்ரூ டிரைவர்.

கம்பெனிகளே இந்தியாவை விட்டுப் போனதும் இந்தச் சந்துகளுக்கு வேலையைக் கூட்டியிருக்கிறது. செவர்லே 2017 இறுதியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. சர்வீஸ் தொடரும் என்று சொன்னார்கள், தொடர்கிறது. ஆனால் ஷோரூம் மூடிய ஊரில் சர்வீஸ் நிலையம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்பது சொந்தக்காரருக்குத்தான் தெரியும். இந்தக் கொட்டகையில் நான் போனபோதெல்லாம் செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த வண்டி ஏதாவது ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

வாரண்டிக்கு வெளியே கேட்கும் எல்லாச் சத்தமும் சொந்தக்காரர் தலையெழுத்து என்று விட்டுவிடவும் வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஹூண்டாய் 2015இல் சுமார் 4.7 லட்சம் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. தொழிற்சாலையில் கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது உள்ளே தங்கிவிட்ட உலோகத் துகள்கள் ஆயில் போகும் வழியை அடைத்தன. பேரிங்குகள் காய்ந்து தேய்ந்தன. வெளியே தெரிந்த முதல் அடையாளம், வேகத்தோடு கூடிவரும் டக் டக். கம்பெனியின் சொந்தப் பொறியாளர் கிம் குவாங்-ஹோ 2016இல் ஆவணங்களோடு அமெரிக்க அரசிடம் போனார், வேலையை இழந்தார். 2021இல் அவருக்கு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. அதே வருடம் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி, பாதிக்கப்பட்ட என்ஜின்களின் அந்தப் பகுதிக்கு வாரண்டி ஆயுட்காலத்துக்கு நீண்டது. பல ஆயிரம் பேர் தனித்தனியே கேட்டுச் சகித்துக்கொண்ட ஒரு சத்தம், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது குற்றச்சாட்டாக மாறியது.

இந்தியாவில் 2019ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அரசுக்கு வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் தந்தது. 2021 ஏப்ரலில் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே அது பொருந்தும், அதுவும் பாதுகாப்பையோ சுற்றுச்சூழலையோ பாதிக்கும் குறைகளுக்கு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். உற்பத்திக் குறைபாடு என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை பெரும்பாலும் கேட்பார்கள், இரண்டு வருடக் காலவரம்பும் உண்டு. ஆகவே, சத்தம் முதலில் கேட்ட தேதி, கிலோமீட்டர், செல்போனில் ஒரு நிமிடப் பதிவு, சர்வீஸ் நிலையத்தின் எழுத்துப்பூர்வமான பதில் ஆகியவற்றை வாரண்டி இருக்கும்போதே சேர்த்து வைத்தவருக்குத்தான் பிறகு பேச இடமிருக்கிறது. ‘நார்மல்தான் சார்’ என்று வாயால் சொன்னதற்கு எந்தக் கோர்ட்டிலும் மதிப்பில்லை.

அந்த வாக்கியத்தால் நஷ்டப்பட்ட ஒருவரைச் சென்ற மழைக்காலத்தில் இதே கொட்டகையில் சந்தித்தேன். பொள்ளாச்சிப் பக்கத்து இளைஞர், மைண்ட்ஸ்பேஸில் வேலை. ஏ.பி. பலகையோடு ஒரு டீசல் செடானை எட்டு மாதத்துக்கு முன் வாங்கியிருந்தார். மாதத் தவணை இன்னும் ஓடுகிறது. வாங்கிய நாளிலிருந்தே சத்தம் இருந்ததாம். டீசல் என்றால் அப்படித்தான் என்று விற்றவர் சொன்னார். சர்வீஸ் செய்த இரண்டு இடங்களிலும் அதையே சொன்னார்கள். உஸ்தாத்தின் தக்கனி அவருக்குப் புரியவில்லை, அவருடைய இந்தி உஸ்தாத்துக்குப் புரியவில்லை. நான் நடுவில் நின்றேன்.

உஸ்தாத் வண்டியில் ஏறி, நீளமான ஒரு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி கண்ணாடிகளை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டினார். சுவரில் மோதித் திரும்பும்போது சத்தம் தெளிவாகக் கேட்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார். டீசலின் வழக்கமான கடகடவுக்கு அடியில் வேறொன்று இருந்தது. கனமாக, அழுத்தும்போது கூடியது. சூடான பிறகும் குறையவில்லை, இன்னும் பெருத்தது. கொட்டகைக்குத் திரும்பி என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“டக் டக்” என்றார் என்னைப் பார்த்து. இதற்கு நான் மொழிபெயர்ப்பு சொல்லத் தேவைப்படவில்லை.

“ஏனுங்க சார், ஊருக்கு ஒருக்கா போயிட்டு வந்து பார்த்துக்கலாமுங்களா?” என்றார் இளைஞர். கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். கேட்டுச் சொன்னேன். “நக்கோ சாப். செக்போஸ்ட் வரைகூட நக்கோ.” ராடு பேரிங் போயிருக்கிறது, இன்னும் ஓட்டினால் ராடு முறிந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும், அப்போது என்ஜின் முழுக்கக் காயலான் கடைக்குத்தான் என்றார். இளைஞர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் தெரியாதாமே, அப்படியே விற்றுவிட முடியுமா, அதைக் கேளுங்கள் என்றார். இதை மொழிபெயர்க்கச் சங்கடமாக இருந்தது. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே, மொழிபெயர்த்தேன்.

உஸ்தாத் கோபப்படவில்லை. “இந்தப் பிள்ளைக்கு விற்றவனும் அதைத்தான் செய்திருக்கிறான்” என்றார். “நான் ஊற்ற மாட்டேன். வேறு ஆள் ஊற்றுவான். இவர் இஷ்டம்.” சாவியைப் பையிலிருந்து எடுத்து வேலைமேஜையின் மேல் வைத்துவிட்டு வேறொரு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

இளைஞர் டீ வாங்கிவந்தார். எனக்கும் சேர்த்து. வேப்பமரத்தடியில் நின்று பொள்ளாச்சிக்குப் போன் செய்தார், நெடுநேரம் பேசினார். கடைசியில் என்ஜினை இறக்கச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை இறக்கினார்கள். சம்ப்பைக் கழற்றியபோது தார் மாதிரி அடர்ந்த கசடு. அதற்குள் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலை முக்கால்வாசி அடைத்திருந்தது. மூன்றாவது சிலிண்டரின் பேரிங்கில் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. கிராங்க் ஷாஃப்டில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடுகள். கடைந்து எடுத்தால் அடுத்த அளவு பேரிங் போடலாம், தப்பிக்கும் என்றார் உஸ்தாத். ராடு, பேரிங் செட், ஆயில் பம்ப், கேஸ்கட், கடைசல் கூலி என்று ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் கணக்கு எழுதினார். 58,000 வந்தது. இரண்டு தவணையில் தரலாமா என்று இளைஞர் இந்தியில் தானே கேட்டார். ஹவ் என்றார் உஸ்தாத். ஒரு பையன் கிராங்க் ஷாஃப்டைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி, லேத் பட்டறைக்குப் புறப்பட்டான்.